அவ்வை கேட்ட முதுமை: நம்பிக்கையுள்ள நடிகைக்கு ஒரு பதில்

கேள்வி இது: "நான்கு ஆண்டுகளாகத் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கிறேன். இப்போது முதல் முறையாகச் சினிமாவில் பெரிய வேடம் வந்திருக்கிறது. கதைப்படி அந்தப் பெண் கடவுளை ஏசுகிறாள். பூஜை அறை விளக்கை உதைத்துத் தள்ளுகிறாள். நெருக்கமான காட்சிகளும் இரண்டு இருக்கின்றன. அம்மா அழுகிறார். நானும் பிரார்த்தனை செய்யாமல் படப்பிடிப்புக்குக் கிளம்பாதவள். நம்பிக்கையோடு இந்தத் தொழிலில் நிலைக்க முடியுமா, விலகுவதுதான் நேர்மையா? எனக்கு முன்னால் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?"

நீளமாகவே எழுதுகிறேன். இந்தக் கேள்வியை ஒரே வரியில் தீர்த்துவைக்க உங்களைச் சுற்றிப் பலர் இருப்பார்கள். நடிப்பு வேறு, வாழ்க்கை வேறு என்பார்கள் சிலர். இந்தத் தொழிலே வேண்டாம் என்பார்கள் சிலர். உங்கள் கேள்வியை இவர்களில் யாரும் முழுதாகக் காதில் வாங்கவில்லை என்பது என் எண்ணம்.

நீங்கள் எழுதியதில் இரண்டு சங்கடங்கள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. விளக்கை உதைப்பது ஒன்று. நெருக்கமான காட்சி மற்றொன்று. முதலில் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் இரவு முழுவதும் பாரதக் கூத்து நடக்கும். துகிலுரிதல் நடக்கும் இரவில், துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்பார். பிறகுதான் அந்தக் காட்சியை ஆடுவார். ஆடும்போது சற்றும் குறைத்து ஆடமாட்டார். துச்சாதனனின் வெறி குறைந்தால் திரௌபதியின் சபதத்துக்குப் பொருள் இல்லாமல் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் அந்த அம்மனை நம்புகிறவர். பார்த்துக்கொண்டிருக்கும் ஊரும் நம்புகிறது. பாவத்தை நடித்துக் காட்டியதற்காக அவரை யாரும் பாவி என்று ஒதுக்குவதில்லை. வேடத்துக்குள் போவதற்கும் வேடத்திலிருந்து வெளியே வருவதற்கும் ஒரு வாசல் வைத்துக்கொண்டால் போதும் என்று நம் கூத்து மரபு எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஆகவே விளக்கை உதைப்பவள் அந்தக் கதாபாத்திரம்தான். உங்களுக்கு வேண்டியது அந்த வாசல்.

நெருக்கமான காட்சி அப்படிப்பட்டது இல்லை. கொலை செய்வதாக நடித்தால் யாரும் சாவதில்லை. தொடுவதாக நடித்தால் தொடுதல் நடந்துவிடுகிறது. அங்கே நடப்பது கதாபாத்திரத்துக்கு மட்டும் நடப்பதில்லை. உங்கள் தோலுக்கும் முகத்துக்கும் நடக்கிறது, படச்சுருளில் தங்கியும் விடுகிறது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. அதை மனம் ஒப்பிச் செய்கிற நல்ல நடிகைகள் இருக்கிறார்கள். அவர்களின் நம்பிக்கையை எடைபோட நான் யார்? ஆனால் 'எல்லாம் நடிப்புதானே' என்று யாராவது உங்களிடம் சொன்னால், முதல் சங்கடத்துக்கான பதிலை அவர் இரண்டாவதற்கும் சேர்த்துக் கொடுக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இனி, முன்னால் இருந்தவர்கள். நம்பிக்கையால் முடிவெடுத்த நடிகைகள் என்றால் எல்லாருக்கும் விலகியவர்களே நினைவுக்கு வருகிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் விலகாதவர்: கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள்.

1908-இல் பிறந்தவர். நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு அவர் பாடிய காலத்தில் அந்த ஜோடிக்கு நிகர் இல்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. சுந்தராம்பாளோடு நடந்த மண வாழ்க்கையில் பிணக்கும் பிரிவும் இருந்தன. 1933-இல் கிட்டப்பா இறந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நகை கிடையாது, நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

யோசித்துப் பாருங்கள். 25 வயது நடிகை, அவருடைய தொழிலே காதல் பாட்டு பாடும் கதாநாயகியாக நிற்பதுதான். அந்தக் கதவைத் தன் கையால் சாத்திவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? விதவைக்கு அந்தக் காலம் வகுத்த வழக்கத்தைத்தான் அவரும் ஏற்றார் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. அந்த வழக்கம் பெண்கள் மேல் எவ்வளவு கொடுமையாகச் சுமத்தப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் வழக்கம் அவரை வீட்டுக்குள் உட்காரச் சொல்லியிருக்கும். அவர் உட்காரவில்லை. 1935-இல் 'நந்தனார்' படத்தில் நடிக்கக் கேட்டு வந்தபோது, ஒப்புக்கொண்டது ஆண் வேடத்தை. நந்தனாராகவே நடித்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்த நாளில் நாடே வாய்பிளந்த தொகை அது. உறுதியையும் விடவில்லை, தொழிலையும் விடவில்லை. இரண்டும் சேர்ந்து நிற்கக்கூடிய வேடத்தைத் தேடிப் பிடித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். 1940-இல் மணிமேகலை. 1953-இல் அவ்வையார். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். 1973-இல் காரைக்கால் அம்மையார். இவர்களில் மணிமேகலை பௌத்தத் துறவி. கவுந்தி சமணத் துறவி. காரைக்கால் அம்மையார் சிவனடியார். முருகனைப் பாடியே வாழ்ந்த ஒரு பெண், தன் மதம் எது என்று கோடு கிழித்துக்கொண்டு வேடம் தேர்ந்தெடுக்கவில்லை. தான் வாழ்ந்துகொண்டிருந்த உறுதியின் நிறம் எந்தப் பெண்ணிடம் இருந்ததோ, அவளை ஏற்றார்.

அந்தப் பெண்களின் கதைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது அவ்வை பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பது நாம் குழந்தையில் கேட்ட கதை. காரைக்கால் அம்மையார் கணவன் தன்னைத் தெய்வமென்று கும்பிட்டு விலகியபின், இந்த உடலின் அழகு இனி எதற்கு என்று சொல்லிப் பேய் வடிவத்தை வேண்டிப் பெற்றார். மணிமேகலை, இளவரசன் உதயகுமரன் பின்தொடர்ந்தபோது, காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டு பசித்தவர்களுக்குச் சோறிட்டாள். மூவருக்கும் ஒரே தொல்லைதான்: பார்வை. பார்க்கப்படுவதிலிருந்து தப்பித்தால்தான் அவர்களால் பாட முடிந்தது, நடக்க முடிந்தது, அட்சய பாத்திரத்தைத் தூக்க முடிந்தது. தமிழ் மரபு ஒரு பெண்ணுக்குச் சுதந்திரத்தை இவ்வளவு பெரிய விலைக்குத்தான் கொடுத்திருக்கிறதே என்ற வருத்தமும் எனக்கு உண்டு. கிழவியாகவோ பேயாகவோ ஆன பிறகுதான் அவள் தனியாக ஊர் ஊராகப் போகலாம்.

நடிகையின் தொழிலோ பார்க்கப்படுவது. உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். காலை முதல் இரவு வரை யாரோ உங்கள் முகத்தை, எடையை, நிறத்தை, நடையை அளந்துகொண்டே இருக்கிறார்கள். பிரார்த்தனை செய்யும் அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் உங்களை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் நம்பிக்கையின்படி அங்கே பார்ப்பவன் ஒருவன் உண்டு, ஆனால் அவன் உங்களைத் தேர்வு செய்ய வந்தவன் இல்லை. நம்பிக்கை ஒரு நடிகைக்குத் தரும் முதல் வரம் அந்த இடம்தான். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் வைத்துக்கொள்வது என்று அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்ய முடியும். சுந்தராம்பாள் அங்கே உட்கார்ந்தபடியே அறுபது வயதைத் தாண்டியும் பாடினார். 1969-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது 'துணைவன்' படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. கதவைச் சாத்திய பிறகு 36 ஆண்டுகள்!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவரால் நிபந்தனை வைக்க முடிந்ததற்கு உறுதி மட்டும் காரணமில்லை. அந்தக் குரலுக்கு மாற்று இல்லை. தயாரிப்பாளர்களுக்கு அவர் வேண்டும். பேரம் பேசும் வலிமை இல்லாத புதுமுகத்திடம் 'நீயும் சுந்தராம்பாள் மாதிரி இரு' என்று சொல்வது அநியாயம். நான் அதைச் சொல்லவில்லை.

இனி விலகியவர்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமி அவர்களில் ஒருவர். 1945-இல் 'மீரா' வந்தது. 1947-இல் இந்தியில் வந்தது. அதன் பிறகு அவர் நடிக்கவில்லை. பக்தி இசைக்கே வாழ்வு என்றானது. அந்தத் தூய்மையை நாம் எல்லாரும் போற்றுகிறோம். ஆனால் எம்.எஸ். எந்தப் படத்தில் நடிப்பது, எங்கே பாடுவது என்பதையெல்லாம் கணவர் சதாசிவம் முடிவு செய்தார் என்பதும் ஊரறிந்த செய்தி. எம்.எஸ். மனமார ஏற்றிருக்கலாம். இருந்தாலும் உங்கள் விஷயத்தில் இந்தக் கேள்வியை நீங்கள் தவிர்க்க முடியாது: உங்கள் பெயரால் எடுக்கப்படும் முடிவு யாருடையது? அம்மாவின் கண்ணீருக்காக விலகினால் அது அம்மாவின் மீதுள்ள அன்பு. அன்பு பெரிது. அதை நம்பிக்கை என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டால் பிற்பாடு கடவுள் மேல் கசப்பு வரும்.

முழுதாக விலகியவர்களில் தன் மனத்தைத் தானே விளக்கமாகச் சொன்னவர் அமெரிக்க நடிகை டோலரஸ் ஹார்ட். 1957-இல் எல்விஸ் பிரெஸ்லியோடு முதல் படம். அடுத்தடுத்துப் படங்கள், மேடையிலும் வெற்றி. நாடகக் களைப்பில் ஓய்வெடுக்க இடம் தேடியபோது, கனெக்டிகட் மாநிலத்தில் பெத்லஹேம் என்ற சிற்றூரில் இருந்த ரெஜினா லாடிஸ் மடத்துக்கு ஒரு தோழி அனுப்பிவைத்தார். பெனடிக்ட் சபைக் கன்னியர் மடம் அது. அங்கே போனதும் மனம் அமைதி கண்டது. தனக்குத் துறவு அழைப்பு இருக்கிறதா என்று மடத்துத் தலைவியிடம் கேட்டார். நீ மிகவும் இளையவள், திரும்பிப் போய் உன் சினிமா வேலையைப் பார் என்றார் தலைவி.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். மடமே அவரை அவசரப்படுத்தவில்லை. புகழ்பெற்ற நடிகை ஒருத்தி வந்து வாசலில் நிற்கிறாள். வா என்று வாரி அணைத்திருந்தால் மடத்துக்குப் பெருமை. ஆனால் அந்தத் தலைவிக்குக் களைப்புக்கும் அழைப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தது. ஹார்ட் திரும்பிப் போனார், நடித்தார். 1961-இல் வெளிவந்த ஒரு படத்தில் அசிசியின் புனித பிரான்சிஸோடு துறவு பூண்ட புனித கிளாராவாக நடித்தார். அந்தச் சமயத்தில் ரோமில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானைச் சந்தித்து, கிளாராவாக நடிக்கும் நடிகை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். இல்லை, நீதான் கிளாரா என்றாராம் அவர். அந்தச் சொல் தனக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது என்று ஹார்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1963-இல், 24 வயதில், நிச்சயமான திருமணத்தை நிறுத்திவிட்டு மடத்தில் சேர்ந்தார். நித்திய வாக்குறுதி எடுத்தது 1970-இல். இடையில் ஏழு ஆண்டுகள். நாம் செய்தியில் படிப்பது 'நடிகை துறவியானார்' என்ற ஒரு நாள் நிகழ்ச்சியை. வளர்ச்சி நடந்தது அந்த ஏழு ஆண்டுகளில், யாரும் படம் பிடிக்காத விடியற்கால ஜெபங்களிலும் தோட்ட வேலையிலும். மணக்க இருந்தவர் கடைசிவரை வேறு யாரையும் மணக்கவில்லை. 2011-இல் இறக்கும்வரை மடத்துக்கு வந்து அவரைப் பார்த்துப் போனார். ஒருவர் எடுக்கும் நம்பிக்கை முடிவுக்கு இன்னொருவரும் விலை கொடுக்கிறார் என்பதை அந்த வருகைகளைவிட யாரும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

ஹார்ட் நடிப்பை வெறுத்து ஓடியவரும் இல்லை. மடத்து நிலத்திலேயே ஒரு திறந்தவெளி அரங்கு எழும்பியது. அதற்கு நடிகை பாட்ரிசியா நீல் உதவினார். துறவு உடையோடு ஆஸ்கார் விருதுக்கு வாக்களிக்கும் உறுப்பினராகவும் ஹார்ட் தொடர்ந்தார். எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று பார்த்தால் கணக்கு சுலபமாக இல்லை. கலையை வைத்துக்கொண்டார். சந்தையை விட்டார்.

நம் நாட்டில், நம் காலத்தில், காஷ்மீரைச் சேர்ந்த ஜைரா வசிம் இருக்கிறார். 'தங்கல்' படத்துக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது பெற்றவர். 2019 ஜூன் 30 அன்று, ஐந்து ஆண்டுத் திரை வாழ்வுக்குப் பின், தன் மார்க்கத்தோடு தனக்கிருந்த உறவு இந்தத் தொழிலால் ஆபத்துக்குள்ளானது என்று எழுதி விலகினார். இந்த இடத்துக்குத் தான் பொருந்திப்போனாலும் இது தனக்குரிய இடமில்லை என்ற பொருளில் அவர் எழுதியதைப் படித்தபோது, மதம் எதுவாக இருந்தாலும் புரிந்துகொள்ளக்கூடிய வேதனை அது என்று பட்டது. உடனே நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. யாரோ மிரட்டியிருப்பார்கள் என்றது ஒரு தரப்பு. எல்லா நடிகையரும் இப்படிச் செய்ய வேண்டும் என்றது இன்னொன்று. பதினெட்டு வயதுப் பெண் தன் மனத்தைப் பற்றித் தானே எழுதியதை அவர் சொன்னபடியே நம்புவதுதான் மரியாதை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அவரிடமிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்றும் உண்டு. 2020 நவம்பரில், தன் புகைப்படங்களைச் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து நீக்கிவிடுமாறு ரசிகர்களை அவர் கேட்டுக்கொண்டார். விலகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மனிதர் விலகலாம், பிம்பம் விலகுவதில்லை. வங்காள நடிகை சுசித்ரா சென் 1978-க்குப் பிறகு 2014-இல் இறக்கும்வரை பொதுவெளியிலிருந்து ஒதுங்கி, ராமகிருஷ்ண மிஷனில் மனத்தைச் செலுத்தி வாழ்ந்தார்; ஆனால் வங்காளத்தின் சுவர்களில் அவர் முகம் ஒரு நாளும் இறங்கவில்லை. ஆகவே நடித்த பிறகு வருந்துவதைவிட, நடிப்பதற்கு முன் யோசிப்பதற்கு இந்தத் தொழிலில் கூடுதல் காரணம் இருக்கிறது.

இனி உங்கள் படம். நெருக்கமான காட்சிகள் வேண்டாம் என்று முடிவு செய்தால், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். செட்டில் விளக்குப் போட்டபின் சொல்லும் மறுப்பு உங்கள் நம்பிக்கையை வேடிக்கைப் பொருளாக்கிவிடும். ஐம்பது பேர் காத்துக்கொண்டிருக்கும்போது உறுதியும் தளரும். காரணம் விளக்கத் தேவையில்லை. 'இந்த இரண்டு காட்சியை இப்படி எடுக்க இயலாது, வேறு விதமாக எழுத முடியுமா' என்று கேட்டால் போதும். நல்ல இயக்குநர்கள் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டால் அதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். டூப் வைத்தோ கணினியில் உங்கள் முகத்தைப் பொருத்தியோ எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பலர் இதைக் கோட்டைவிட்டுப் பிறகு அழுதிருக்கிறார்கள். நடிப்பது என்று முடிவு செய்தாலும், யார் யார் உடனிருப்பார்கள், எது எந்த அளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது உங்கள் உரிமை. இத்தகைய காட்சிகளை வடிவமைத்துத் தருவதற்கென்றே இப்போது தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

வேடம் கைவிட்டுப் போகலாம். அதை நான் இனிப்பு தடவிச் சொல்லப் போவதில்லை. அதனால்தான் தொடர் வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள் என்கிறேன். மாத வருமானம் நின்றுவிட்ட நடிகையால் எதையும் மறுக்க முடியாது.

விலகுவதைப் பற்றி: அந்தத் தலைவி ஹார்ட்டிடம் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். நீங்கள் இப்போது பயந்திருக்கிறீர்கள், களைத்தும் இருக்கிறீர்கள். இந்த மனநிலையில் ஒரு படத்தை மறுக்கலாம். வாழ்நாள் முடிவு வேண்டாம்.

கடைசியாக விளக்கு. அம்மாவிடம் அந்த ஒரு காட்சியை மட்டும் சொன்னீர்களா, கதை முழுவதையும் சொன்னீர்களா? கண்ணை இழந்து நின்ற சுந்தரர் திருவாரூர் இறைவனிடம், நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று சீறினார். சைவர்கள் அதைத் தேவாரம் என்று கோயிலில் ஓதுகிறார்கள். உறவு இருப்பவர்தான் அப்படி ஏச முடியும். உங்கள் கதாபாத்திரத்தின் ஏச்சு அந்த வகையா, பார்ப்பவர்களை அதிரவைக்க மட்டும் வைத்ததா என்று எனக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் விளக்கை உதைத்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதை நீங்கள் எழுதவில்லை. இயக்குநரிடம் அதைக் கேளுங்கள். சிந்திய எண்ணெயை அந்த வீட்டில் யார் துடைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அவரிடம் பதில் இருந்தால், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுக் கதையையும் படித்துக் காட்டுங்கள்.